சத்தம் போட்டுப் படித்தவள்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். நம் காலத்தில் படிப்பு என்பது காதால் கேட்கிற சங்கதி. பிள்ளைகள் படிக்கிற வீடு எதுவென்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும். இன்றைக்கு என் பேத்தி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது, படிக்கிறாயா தூங்குகிறாயா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது. கேட்பதில்லை. அப்படி வாய் திறக்காமல் படித்த ஒருத்தியோடு ஒரே பலகையில் ஒரு வருஷம் உட்கார்ந்தவள் நான். அந்த வருஷம் முழுக்க எரிந்த வயிறு இன்னும் சரியாக அணையவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊர் ஜலகண்டாபுரம். மேட்டூரில் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேக்கின புதிது. எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. எங்கள் வீட்டு முன்கட்டில் அப்பாவின் குழித்தறி இருந்தது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அவர் மிதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் சுவரோரம் பாயைப் போட்டு நான் படிக்க வேண்டும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். பாடம் தெரியாது, ஆனால் பாடத்தின் சத்தம் தெரியும். சத்தம் நின்றால் மிதி நின்றுவிடும்.

"என்ன சாமி, சத்தத்தக் காணோம்?"

"எச்சி முழுங்குனனுங்கப்பா."

"முழுங்கிட்டுப் படி."

தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற தாளத்துக்கு நானும் முன்னும் பின்னும் ஆடுவேன். காவிரி நதியானது, டடக், குடகு நாட்டிலே, டடக், பிரம்மகிரி மலையிலே, டடக், உற்பத்தியாகி. பூகோளம், சரித்திரம், கணக்கு, சுகாதாரம் எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான். ஆரம்பத்தில் பிடித்தால் கடைசி வரை நிற்காமல் ஓடும். பள்ளிக்கூடத்தில் தறி இல்லாததால் பலகைக்கு அடியில் காலால் தட்டிக்கொண்டுதான் ஒப்பிப்பேன். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டு, உங்கள் பெண் கலெக்டராகிவிடுவாள் என்று அப்பாவிடம் சொல்வார்கள். அப்பாவின் மிதி மட்டும் கொஞ்சம் வேகமாகும். அந்த வேகம் எனக்குப் பாயசம் குடித்த மாதிரி.

எட்டாவது வகுப்புத் தொடங்குகிற சமயத்தில்தான் சின்னம்மா வந்தாள்.

அவள் என் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஒரே ஒரு வயது பெரியவள். அவளைப் பெற்ற கொஞ்ச காலத்தில் அவள் தாயார் காலமாகிவிட, அம்மா அந்தக் குழந்தையை இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். பிறகு நான் பிறந்தேன். எனக்கு ஊறின பாலில் அவளுக்கும் பங்கு போயிருக்கிறது. ஓடியாடுகிற வயது வந்ததும் அப்பிச்சி, அதாவது அம்மாவின் தகப்பனார், சங்ககிரிப் பக்கத்தில் இருந்த தம் ஊருக்கு அவளைக் கூட்டிப்போய்விட்டார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவதுக்கு மேல் வகுப்பு இல்லை. அதனால் திரும்பவும் அக்காவிடம் வந்தாள், ஒரு தகரப் பெட்டியோடு. பால் பங்கு எனக்கு நினைவில்லை. ஆனால் பெட்டி உள்ளே வந்த அன்றைக்கே, சொல்லக் கேட்டிருந்த அந்தப் பால் முழுவதும் நெஞ்சுக்குள் புளித்துப்போனது.

முதல் சண்டை கூப்பிடுகிற முறையில் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பி, அவள் உனக்குத் தாய் முறை, சின்னம்மா என்று சொல், வாங்க போங்க என்று பேசு என்றாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனால் முறை மாறிவிடுமா என்றாள். ஒரே பலகையில் என் இடுப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளை, "கொஞ்சம் நகருங்க சின்னம்மா" என்று கேட்டால் வகுப்பே சிரிக்காதா? சிரித்தது. இப்போது எழுதும்போது 'அவள்' என்று எழுதிக்கொள்கிறேன். யாரும் அதட்ட வரமாட்டார்கள் என்பதில் இந்த வயதிலும் ஒரு சந்தோஷம்.

காலையில் அம்மா தலை வாருவாள். அதுவரை ஒரே தலை, என் தலை. இப்போது இரண்டு. முதலில் அவளுக்குத்தான் வாருவாள். கேட்டால், அவளுக்கு முடி நீளம், சிக்கெடுக்க நேரமாகும் என்பாள். நேரமாகும் என்பதுதான் எனக்கு வலி. சிக்கெடுத்துக்கொண்டே அக்காவும் தங்கையும் அவர்கள் ஊரைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குத் தெரியாத கிணறு, எனக்குத் தெரியாத மாடு, எனக்குத் தெரியாத செத்துப்போன அம்மா. என் முறை வரும்போது பள்ளிக்கூட மணி அடித்துவிடும். அவசரமாக ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு.

இதையெல்லாம் படிப்பில் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஏனென்றால் சின்னம்மா படிக்கவே இல்லை. படிக்கிற நேரத்தில் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து புத்தகத்தை ஒரு தடவை விரல் வைத்துப் பார்ப்பாள். பிறகு மூடிவிடுவாள். சுவரைப் பார்ப்பாள். உதடு கொஞ்சம் அசையும், சத்தம் வராது. மறுபடி திறந்து ஏதோ ஒரு இடத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். மறுபடி மூடுவாள். அப்பா தறியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், உன் தங்கச்சி சுவரைப் படிக்கிறாள் போல என்றார். நான் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தினேன்.

காற்பரீட்சை வந்தது. பூகோளத்துக்கு வாத்தியார் வாய்மொழியாகவே கேள்வி கேட்டார். என்னைப் பார்த்து, காவிரி திருச்சினாப்பள்ளி ஜில்லாவுக்குள் வருமுன் அதோடு சேருகிற ஆறு ஒன்றைச் சொல் என்றார். எனக்கு அந்தப் பதில் தெரியும். ஆனால் அதை எடுக்க வேண்டுமென்றால் குடகு மலையிலிருந்து கிளம்ப வேண்டும். காலால் தட்டிக்கொண்டு கிளம்பினேன். மைசூர் ராஜ்யத்துக்குள் நான் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தி, "உனக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள பயிர் காஞ்சிரும்" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். பவானி என்றாள் சின்னம்மா. அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ஆற்றில் இறங்காமல் கரையிலிருந்தே எட்டி எடுத்துக்கொண்ட மாதிரி.

கணக்கில் அதைவிட மோசம். புத்தகத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து சந்திக்கும். அந்தக் கணக்கு எனக்கு வரிவரியாக மனப்பாடம். பரீட்சையில் அதே இரண்டு வண்டிகள் ஒரே திசையில், ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போயின. நான் புத்தகத்து வழியை அப்படியே எழுதி வைத்தேன். முன்னால் போகிற வண்டியைப் பின்னால் வருகிற வண்டி எதிரே வந்து மோதிவிட்டது என்று வாத்தியார் வகுப்பில் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவளை உளவு பார்ப்பதே என் வேலையாயிற்று. பாடத்தைக் கத்திக்கொண்டே ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பேன். வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

கணக்குப் புத்தகத்தில் விடையும் வழியும் போட்டிருக்கிற பகுதியை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வாள். கேள்வியை மட்டும் பார்த்துவிட்டுச் சிலேட்டில் தானே போடுவாள். பிறகு கையை எடுத்துச் சரிபார்ப்பாள். சரியாக வந்த பிறகும் விடமாட்டாள். வண்டியின் வேகத்தை மாற்றி, திசையை மாற்றி, ஒரு வண்டியை வழியில் நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, திரும்பவும் போடுவாள். பூகோளத்துக்கு அப்பா கழித்துப் போட்ட அறுந்த நூல்களைப் பொறுக்கி வைத்திருந்தாள். சமையல்கட்டுத் தரையில் நீல நூலை வளைத்து விட்டால் காவிரி. பக்கத்தில் சின்ன நூல் ஒன்று வந்து தொட்டால் பவானி. உப்புக் கல் ஈரோடு, புளியங்கொட்டை திருச்சினாப்பள்ளி. அம்மா கூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, புத்தகம் பார்க்காமல் மறுபடி வைப்பாள். அந்தத் தரையில் நடக்கும்போது நான் வேண்டுமென்றே காவிரியை மிதிப்பேன். அவள் நூலை நேராக்கிக்கொள்வாள்.

நானும் ஒருநாள் நூல் பொறுக்கப் போனேன். தறிக்குப் பக்கத்தில் என்ன விளையாட்டு என்று அப்பா கேட்டதும் வந்துவிட்டேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்கவே முடியாதது ஒன்று உண்டு. சரித்திரமும் சுகாதாரமும் அவள் என் அம்மாவுக்குச் சொன்னாள்.

பின்கட்டில் அம்மா ராட்டையில் நூல் சுற்றுவாள். சின்னம்மா எதிரே குந்திக்கொண்டு, படித்ததைக் கதை போலச் சொல்வாள். அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும். அந்த ராஜா ஏன் தன் தம்பியைச் சிறையில் போட்டான் என்பாள். சின்னம்மாவுக்குத் தெரியாவிட்டால், பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்று ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறப்பாள். அம்மாவின் சிரிப்பு ராட்டைச் சத்தத்துக்கு மேலே கேட்கும். முன்கட்டில் அதே ராஜாவை நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். அவன் ஏன் தம்பியைச் சிறையில் போட்டான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போட்டான், அடுத்த வரி.

ஒருநாள் குழம்புக்கு ஊறப்போட்டிருந்த மொச்சைக்கொட்டை ஒன்றை எடுத்து, சின்னம்மா தோலை உரித்து நகத்தால் இரண்டாகப் பிளந்தாள். உள்ளே ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாய் ஒரு முளையும், நுனியில் மடித்து வைத்த மாதிரி இரண்டு குட்டி இலையும் இருந்தன. இதுதான் செடி, மீதியெல்லாம் அது வளரும் வரைக்கும் சாப்பிடுகிற சோறு என்றாள். அம்மா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இத்தன காலமா ஆக்கிப் போடறேன். உள்ள இப்படி ஒரு குஞ்சு படுத்துக் கெடக்கறது தெரியாமப் போச்சே" என்றாள்.

பிறகு சின்னம்மாவின் கன்னத்தைத் தடவினாள். அந்தக் கொட்டைப் படம் என் இயற்கைப் பாடப் புத்தகத்திலும் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். புதுப் புத்தகம், அட்டை போட்டது. அவளுக்குக் கிடைத்திருந்தது மேல்வகுப்புப் பையன் ஒருவன் படித்துக் கழித்தது, முனையெல்லாம் நாய் கடித்த மாதிரி. ஆனால் அந்தக் கொட்டைக்குள் செடி இருந்தது அவளுக்குத்தான் தெரிந்தது.

இப்படிப் படிக்க எங்கே கற்றீர்கள் என்று ஒருநாள் கோபத்தோடுதான் கேட்டேன். அவள் யோசித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை என்றாள். "எங்கூர்ல ஒரே பொஸ்தகந்தான். ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்துரோணும், அடுத்த புள்ள காத்திருக்கும். மறுக்காக் கெடைக்காது. அதனால மூடி வெச்சுட்டு இருக்குதா இருக்குதான்னு தேடிப் பாத்துக்குவேன்." எனக்கு அதன் பேரிலும் பொறாமை வந்தது. புத்தகம் இல்லாமல் போனதன் பேரில் பொறாமைப்பட்ட பெண் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அரைப்பரீட்சை முடிந்து ஒரு சாயங்காலம் பெரிய வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அப்பா குழியிலிருந்து எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னால் நின்றோம். சேலத்தில் வாத்தியாரம்மா ஆவதற்கான பயிற்சிப் பள்ளிக்கூடம் இருக்கிறதென்றும், தங்குவதும் சாப்பாடும் சர்க்காரே பார்த்துக்கொள்ளும் என்றும், எட்டாவது சர்க்கார் பரீட்சையில் தேறினால் இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு அவர் சிபாரிசு செய்வார் என்றும் சொன்னார். அப்பா முழுவதும் கேட்காமலே, எம் புள்ளையை எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

பெரிய வாத்தியார் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். கணக்கிலும் பூகோளத்திலும் நான் தவறிவிட்டேன் என்றார். சின்னம்மாதான் வகுப்பிலேயே முதல் என்றார்.

அப்பா சிரித்தார். அவர் நம்பவில்லை.

"எம் புள்ள படிக்கிறது இந்தத் தெருவுக்கே கேக்குதுங்க. அந்தப் புள்ள வாயத் தொறந்து நான் பாத்ததில்லீங்க. ரெண்டும் ஒரே பலகைல உக்காருது. பாத்து எழுதியிருக்குமுங்க."

கதவோரத்தில் சின்னம்மாவின் கை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. அம்மா திரும்பவில்லை. ஆனால் தன் கையைப் பின்னால் கொண்டுவந்து அந்தக் கையை மூடிக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்து எழுதினாளா என்று கேட்டார்.

எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சின்னம்மா மேலா, அந்தக் கையை மூடின கை மேலா, அல்லது வருஷக்கணக்காக நான் கத்தினதில் ஒரு எழுத்துக்கூட அப்பா காதில் விழவில்லை என்பது மேலா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னையப் பாத்து எழுதியிருந்தா அவுங்களும் பெயிலாத்தானுங்கப்பா போயிருப்பாங்க" என்றேன்.

பெரிய வாத்தியார் உரக்கச் சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் போன பிறகு அப்பா குழியில் இறங்கி உட்கார்ந்தார். மிதிக்கவில்லை.

அடுத்த நாள் நான் அம்மாவை என் பக்கம் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். சின்னம்மா கிணற்றுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, சரித்திரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மூடி, சுவரைப் பார்த்து, எல்லாம் அவள் செய்கிறபடியே செய்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். அம்மா ராட்டையில் இருந்தாள். எதிரே குந்திக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் ஆயிற்று. அம்மா அன்பாகத்தான் சொன்னாள்.

"அத அப்பவே சின்னம்மா சொல்லிட்டாளே, கண்ணு."

அந்த வாக்கியத்தோடு நான் எழுந்து வந்த தூரம் பின்கட்டிலிருந்து முன்கட்டு. அவ்வளவுதான் தூரம். நடந்து முடிக்க வெகுநேரம் ஆன மாதிரி நினைவு.

முன்கட்டில் தறி ஓடவில்லை. தறியில் நீளமாக இழுத்துக் கட்டின பாவில் இழைகள் அறுந்துபோய், அப்பா குனிந்து ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தாமல், சாதாரணக் குரலில் அந்தப் பாடத்தை மறுபடி ஆரம்பித்தேன். தறிச் சத்தம் இல்லாமல் என் குரலை நான் அந்த இடத்தில் கேட்டதே அன்றைக்குத்தான். தடுக்கித் தடுக்கி வந்தது. ராஜா தம்பியைச் சிறையில் போட்ட இடத்தில் அப்பா நிமிராமலே கேட்டார்.

"எதுக்குப் போட்டான்?"

தெரியவில்லை என்றேன். பார்த்துச் சொல் என்றார். பார்த்தேன். புத்தகத்தில் இருந்தது. நான் அத்தனை முறை கத்தின பக்கத்திலேயே, மூன்று வரிக்கு மேலே இருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சொல்வது வழக்கமாயிற்று. இழை முடிகிற நேரத்திலும், பாவு மாற்றுகிற நேரத்திலும், தறி சும்மா இருக்கிற எந்த நேரத்திலும். அவர் கேள்விகள் அம்மாவின் கேள்விகள் மாதிரி இல்லை. யார் யாருக்கு என்ன உறவு என்று அம்மா கேட்பாள். அப்பா, அந்தச் சேனை முழுவதற்கும் யார் சோறு போட்டார்கள் என்பார். காவிரி அவ்வளவு தூரம் வருகிறதென்றால் வழியில் யாரும் மறித்துக்கொள்ள மாட்டார்களா என்பார். மேட்டூர் அணை அதற்குத்தான் கட்டினதா என்பார். புத்தகத்தில் இல்லாததைக் கேட்டால் வாத்தியாரிடம் போய்க் கேட்டுவந்து சொல்வேன். கணக்கில் மட்டும் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். நானே உள்ளங்கையால் வழியை மறைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பேன். அது சின்னம்மாவிடமிருந்து எடுத்தது. எடுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தெருவில் ஒரே பேச்சு. அந்த வீட்டில் படிப்புச் சத்தம் நின்றுவிட்டது, பெண் படிப்பை விட்டுவிட்டாள் என்று. அப்பாவிடம் யாரோ துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து கேட்டார். படிக்கிறாள், உங்களுக்குக் கேட்காது என்றார் அப்பா.

அப்படி ஒருநாள் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுக்கதவில் சின்னம்மா நின்றாள். கையில் தண்ணீர்ச் செம்பு. அப்பா ஏதோ கேட்டு, நான் பதில் சொல்லி, அவர் "அப்படிச் சொல்லு எஞ்சாமி" என்று என் தலையில் தட்டினார். அவள் முகத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளுக்குள் அப்படித்தான் நான் இருந்தேன், மாதக்கணக்காக. அவள் அப்பா சங்ககிரிப் பக்கத்தில் இருந்தார். அவளைப் பார்க்க அந்த வருஷம் வந்தது தீபாவளிக்கு மட்டும்தான், அதுவும் மத்தியானமே திரும்பிவிட்டார். இதையெல்லாம் இப்போது சேர்த்து நினைக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: நன்றாக வேண்டும்.

சர்க்கார் பரீட்சை சேலத்தில் நடந்தது. அப்பா எங்கள் இருவரையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஜன்னலோர இடம் அவளுக்குக் கிடைத்தது. கணக்குத் தாளில் வண்டி இல்லை, தொட்டியும் குழாயும் வந்திருந்தன. தண்ணீர் ஒரு குழாயில் உள்ளே வருகிறது, இன்னொன்றில் வெளியே போகிறது. அதற்கு முன் நான் பார்த்திராத கணக்கு. ஒரு கணம் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. நிறுத்தினேன். வருவது ஒரு வண்டி, போவது ஒரு வண்டி என்று நினைத்துக்கொண்டு போட்டேன். வெளியே வந்ததும் சின்னம்மா விடை கேட்டாள். சொன்னேன். ஆமாம், எனக்கும் அதுதான் என்றாள். இருவரும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு எனக்கு, அவளுக்கும் அதே விடை வராமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

இருவரும் தேறினோம். அவளுக்கு என்னைவிட மார்க் கூட, ஆனால் வெகுதூரம் இல்லை. இரண்டு பேரில் யாருக்கு வேண்டுமானாலும் சிபாரிசு தருகிறேன், நீங்களே சொல்லுங்கள் என்று பெரிய வாத்தியார் ஆளனுப்பினார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மாதிரி விஷயங்களில் அம்மா வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"ஏனுங்க, எந்தங்கச்சிய அனுப்புங்க. இவ இங்கயே இருக்கட்டும்."

அப்பா கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நீ பெத்தது இந்தப் புள்ளையல்லோ?"

"அதனாலதானுங்க."

நான் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். பெற்றவளே சொல்லிவிட்டாள். பெற்ற காரணத்தினாலேயே எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஒரே அர்த்தம்தான் கிடைத்தது. வாசகத்தின் அர்த்தம் தேடக் கற்றுக்கொண்ட வருஷத்தில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தப்பாகப் படித்தேன் என்று பிற்பாடு தெரிந்தது. ஒருத்திக்கு வேறு நிழல் இல்லை, ஒருத்தியைப் பிரிய மனமில்லை. அம்மாவின் கணக்கு அதுதான். அந்தக் கணக்கும் சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சேலத்துக்குப் போயிருந்தால் நான் என்னவாகியிருப்பேன் என்று அவள் என்னைக் கேட்கவும் இல்லை, தன்னைக் கேட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

சின்னம்மாவைப் பஸ் ஏற்ற நாங்கள் எல்லோரும் போனோம். அவள் பின்னாளில் ராசிபுரம் பக்கம் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். நான் குமாரபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, என் பிள்ளைகளை அடுப்படியில் உட்காரவைத்து, புத்தகத்தை மூடச் சொல்லி, எதுக்கு, எதுக்கு என்று கேட்டே படிக்கவைத்தேன். அதெல்லாம் பிற்பாடு. சொல்ல வந்தது முதல் விடுமுறையை.

முதல் விடுமுறைக்கு அவள் வந்தபோது இளைத்திருந்தாள். புடவை கட்டியிருந்தாள், கையில் குடை. எனக்கு அந்தக் குடையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மறுநாள் கிணற்றடியில் இருவரும் துணி துவைத்தோம். சேலத்து விடுதி, அங்கே போடுகிற சோறு, பாடம் நடத்திக் காட்டச் சொல்லி மிரட்டுகிற டீச்சரம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"நீ குடுத்து வெச்சவ. எங்கக்கா என்னைய அனுப்பிச்சுட்டு உன்னைய ஊட்லயே வெச்சுக்கிட்டா."

எனக்குக் கை நின்றுவிட்டது. "உங்களத்தானுங்க அனுப்புனாங்க. என்னைய அனுப்பலயே" என்றேன்.

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றாள். "பஸ் ஏத்திவிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனா."

அன்றைக்கு நான் அம்மாவுக்குப் பின்னால் நடந்து வந்தவள். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, எதிரே வந்த வண்டியைக்கூடப் பார்க்காமல் அவள் நடந்ததைப் பார்த்தவள். அதைச் சொன்னேன். திரும்பினால் அழுதுவிடுவார்கள் என்றுதான் திரும்பவில்லை என்று சொன்னேன். சின்னம்மா பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது.

உள்ளேயிருந்து அம்மா, "கண்ணு, இங்க வா" என்று கூப்பிட்டாள். யாரை என்று சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம்.